வலிமடை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே நம் ஆட்கள் அடுத்தவர் வலியைக் கண்டுகொள்ளாமல் காலத்தை ஓட்டிவிட்டார்கள். வலிமடை வந்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று. வயலில் ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்தால் தண்ணீர் திரும்புவதுபோல, ஓர் உடம்பின் வலியை இன்னோர் உடம்புக்குத் திருப்பிவிடுகிற கருவி அது. காயம் இருந்த இடத்திலேயே இருக்கும். வலி மட்டும் வேறு ஆளிடம் போய்விடும்.

எங்கோ குளிர் தேசத்தில், சாகக் கிடக்கிற நோயாளிகள் கொஞ்ச நேரமாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அதைக் கண்டுபிடித்தார்கள். நல்ல எண்ணம்தான். அது கடல் தாண்டி மதுரைக்கு வந்து, கபடி ஆடுகிற பையன்களின் கவட்டையில் போய் நின்றதற்கு யாரை நொந்துகொள்வது என்று ஒச்சம்மாளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். கணவன் ஜெயபாண்டி மினி வேன் ஓட்டுகிறான். ஒரே மகன் மாயன். பதினேழு வயதில் ஆறடிக்குப் பக்கத்தில் வளர்ந்து, மதுரையில் ஒரு கபடி அகாடமி விடுதியில் தங்கி ஆடிக்கொண்டிருந்தான். ரெய்டு போனால் பின்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்காலை நீட்டுவான் பாருங்கள், எதிரணிக்காரன் மூச்சு விடுவதற்குள் போனஸ் கோட்டைத் தாண்டித் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். அந்த நீட்டலைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து பைக்கில் வருவார்கள்.

அந்த நீட்டலில்தான் ஒருநாள் பிடித்துக்கொண்டது.

அவன் போன் செய்து, "யம்மா, வயிறு வலிக்குது" என்றான். சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அடுத்த வாரமும் வயிறு என்றான். வெந்தயம் விழுங்கச் சொன்னாள். வயிற்றுக்கும் அந்த வலிக்கும் சம்பந்தமே இல்லை. வளர்ந்த பையன் பெற்ற தாயிடம் எப்படிக் கவட்டை என்று சொல்வான்? கோச்சிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்று அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. விடுதிக் குளியலறையில் ஒரு சிநேகிதனை வைத்துத் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டு, தேய்த்த காலோடு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் பேருந்துப் படியில் கால் தூக்கி வைக்க முடியாமல் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அகாடமியின் பிசியோதெரபிஸ்ட் நஸ்ரின் என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. அவள் ஸ்கேன் படத்தைக் காட்டித் தாய்க்கும் மகனுக்கும் பொறுமையாகச் சொன்னாள்.

"அடித்தொடைத் தசை, அக்கா. கவட்டையில எலும்போட ஒட்டியிருக்கிற இடத்துல லேசாக் கிழிஞ்சிருக்கு. கிழிஞ்சதுகூடப் பெரிசில்ல. அன்னிக்கே படுத்து ரெஸ்ட் எடுத்திருந்தா ரெண்டு மூணு வாரத்துல ஆறியிருக்கும். கிழிஞ்சதுக்கு மேலயே ஆடிக்கிட்டிருந்திருக்கான், அதுதான் பெரிசு."

"ஏன்டா சொல்லல?" என்றாள் ஒச்சம்மாள்.

மாயன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதையெல்லாம் எப்படிம்மா சொல்லுவாக" என்றான்.

இனிச் செய்யவேண்டியதை நஸ்ரின் விளக்கினாள். முதலில் ஓய்வு. பிறகு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பந்தை வைத்து அமுக்கவேண்டும். பிறகு பக்கவாட்டில் படுத்து, மேல்காலைப் பெஞ்சில் போட்டுக்கொண்டு உடம்பைத் தூக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால்தான் தசை உறுதியாகும். ஆனால் வலிக்கும்.

"வலிச்சா தசை தானா இறுக்கிக்கும். இறுக்கிட்டா வேலை செய்யாது. அதான் இவ்வளவு நாள் இழுக்குது. வலிய இன்னொரு ஆள் வாங்கிக்கிட்டா இவன் தசை பயப்படாம வேலை செய்யும். பாதி நாள்ல எந்திரிச்சிருவான்."

"அதுக்கு ஏன் தாயி இன்னொரு ஆளு? ஒரு மாத்திரையப் போட்டா வலி ஓடிறப் போகுது."

"மாத்திரை போட்டா வலி யாருக்குமே தெரியாது. வலி காவக்காரன், அக்கா. அவனத் தூங்க வச்சிரக் கூடாது. வேற வாசல்ல வேணா உக்கார வைக்கலாம். அவன் சத்தம் குடுத்தா, நாம உடனே பயிற்சிய நிறுத்திருவோம்."

"இது வந்த நாட்டுல வலிய ஆரு வாங்கிக்கிறாக?"

நஸ்ரின் சிரித்தாள். "சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்காங்க. ஊசி பட்டாலே ஊளையிடற ஆளாப் பாத்துத் தேடி எடுப்பாங்களாம்." பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, "இங்க அகாடமில அம்மாக்களைத்தான் கூப்பிடறாங்க" என்றாள்.

அதற்குக் காரணம் கோச் சேவுகன். ஐம்பது வயது, தங்கமான மனுஷன், பையன்களுக்குத் தன் கையால் முட்டை உரித்துக் கொடுப்பவர். பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவர் கேட்டது ஒரே கேள்விதான். "கூலிக்கு வர்றவன் என்னத்தத் தாங்குவான்? பெத்தவ தாங்காத வலியா?" கூட்டம் கைதட்டித் தீர்த்தது. ஒச்சம்மாளும் தட்டினாள். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் தட்டாமல் இருக்க நம் ஊரில் எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்?

அம்மாக்கள் உட்காருவதற்கு ஏசி போட்ட ஓர் அறையை ஒதுக்கி, அதற்குத் தாயார் அறை என்று பெயரும் வைத்தார்கள். சுவரில் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று நீலப் பெயின்டில் சேவுகனே எழுதவைத்தார். நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு சிவப்புப் பொத்தான்.

நஸ்ரின் ஒச்சம்மாளின் முதுகுத்தண்டில் ஒரு வில்லையை ஒட்டினாள். மாயனின் இடுப்பில் இன்னொன்று ஏற்கெனவே இருந்தது. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனாலும் கழற்றக் கூடாது என்றாள்.

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இருக்கிறதுலயே பெரிய வலி. நான் கேக்கும்போது நம்பரச் சொல்லுங்க. மூணு வரைக்கும் அவன் பயிற்சி செய்யலாம். அஞ்சு வந்துட்டா கேள்வியே கேக்காதீங்க, பொத்தானை அமுக்கிருங்க. அங்க மணி அடிக்கும், அவன நிறுத்திருவோம். உங்க கட்டைவிரல் பட்டாத்தான் அது வேலை செய்யும்."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாயன் முழங்காலுக்கு நடுவில் பந்தை வைத்து அமுக்கினான். இந்தப் பக்கம் ஒச்சம்மாளுக்குக் கவட்டையில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. திடுக்கென்று கால்களைச் சேர்த்துக்கொண்டாள். வலியைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. அந்த இடத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய்விட்டுப் பேசியதில்லை, டாக்டரிடம்கூடக் 'கீழ' என்பாள், அவ்வளவுதான்.

"எவ்வளவுக்கா?"

ஒச்சம்மாள் நியாயமாகத்தான் யோசித்தாள். பத்து என்பது மாயன் பிறந்த அன்று. பயல் காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தான், அப்போதே போனஸ் கோட்டைத் தேடியிருக்கிறான். விடிய விடியக் கிழித்தெடுத்தான். எட்டு என்பது பள்ளியில் கொதிக்கிற சாம்பார் அண்டா சரிந்து பாதத்தில் கொட்டிய அன்று. பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றதால் அவள் எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுதந்திர தினத்தன்று தலைமையாசிரியர் அதைச் சொல்லி அவளுக்குச் சால்வை போர்த்தினார். அதையெல்லாம் பார்த்தவளுக்கு இது எம்மாத்திரம்?

"ரெண்டு தாயி" என்றாள்.

நஸ்ரின் குறித்துக்கொண்டு மாயனுக்குப் பாரத்தைக் கூட்டினாள்.

அந்த அறையில் லூர்துமேரி என்று ஒருத்தி இருந்தாள், திண்டுக்கல்காரி. அவள் மகன் ஜெரால்டுக்கும் இதே இடத்தில்தான் பிடிப்பு. அவன் பந்தைத் தொடுவதற்கு முன்பே இவள், "மாதாவே, போச்சே" என்று பொத்தானை அமுக்கிவிடுவாள். பயிற்சி நிற்கும். சேவுகன் தலையில் அடித்துக்கொள்வார். பையன்கள் அவளுக்குச் சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜெரால்டு ரெய்டர் வரிசையிலிருந்து மாற்று ஆட்டக்காரர் பெஞ்சுக்கு இறங்கினான். "ஒன்னாலதான்டி அவன் பெஞ்சத் தேச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்" என்று அவள் புருஷன் எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டுப் போனான். அணியில் யாருக்கு இடம் என்பது பையனின் காலைப் பார்த்து முடிவாவது நின்றுபோய், அவன் அம்மாவின் பல்லைப் பார்த்து முடிவாகிற காலம் வந்திருந்தது. கடித்துக்கொள்கிற பல்லுக்கு மதிப்பு.

"ஒனக்கு நெசமாவே வலிக்கலையாக்கா?" என்று லூர்துமேரி ஒருநாள் கேட்டாள்.

"வலிக்காம என்ன? ஆனா இதெல்லாம் ஒரு வலியாத்தா?"

"நான் பெத்தது ஆபரேசன்ல. ஊசி போட்டு மரத்துப்போச்சு. நான் எதக் கண்டேன்" என்றாள் லூர்துமேரி, ஏதோ தப்புச் செய்தவளைப்போல. ஒச்சம்மாளுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. இரக்கத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

மாயன் தேறினான். எல்லாரும் வாயைப் பிளக்கிற மாதிரித் தேறினான். பெஞ்சில் கால் போட்டு உடம்பைத் தூக்கும்போது முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஆரம்பத்தில் பயிற்சி முடிந்ததும் நேராக அம்மாவிடம் ஓடிவந்து, "யம்மா, வலிச்சுச்சா?" என்று கேட்பான். "போடா, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்பாள். பிறகு பிறகு அவன் கேட்பது குறைந்தது. கேட்காதது அவளுக்கு வருத்தமாக இல்லை. பிள்ளை மறக்கிற அளவுக்குத் தான் நன்றாகச் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்கும்மா. பறக்குது" என்றான் ஒருநாள், இளநீரை உறிஞ்சிக்கொண்டே. அப்படி ஒரு சந்தோஷத்தைத் தாய் எங்கே விலைக்கு வாங்குவாள்?

நஸ்ரின் மட்டும் சந்தோஷப்படவில்லை. இறுதிப்போட்டி நெருங்கிய சமயத்தில் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தாள். எடுத்துவிட்டு ஒச்சம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"படத்துல எலும்பு ஓரம் வீங்கியிருக்கு. இந்த வயசுல எலும்பு முனை இன்னும் முழுசா இறுகியிருக்காதுக்கா. பெரியவங்களுக்குத் தசை கிழியறதோட போயிரும். இவங்களுக்குத் தசை எலும்பு முனையவே பேத்துக்கிட்டு வந்துரும். ஆனா உங்க நம்பர் ரெண்டைத் தாண்டவே இல்ல. படமும் நம்பரும் ஒத்துப்போகல. உண்மையச் சொல்லுங்க, ரெண்டுதானா?"

"எம்புள்ள காலு தாயி. அதுல போயி பொய் சொல்லுவனா?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நஸ்ரின் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை என்பது தெரிந்தது. சேவுகனிடம் போய், இன்னும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று கெஞ்சினாள். தேசியப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் இறுதிப்போட்டிக்கு வருகிறார்கள், இந்த ஒரு ஆட்டத்தை விட்டால் பையனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்றார் அவர். "பெத்தவளே ரெண்டுங்கறா. நீ ஏம்மா பயப்படுற?" வலிமடை வந்த பிறகு படத்தைவிடப் பெற்றவள் பேச்சுக்குத்தான் மதிப்பு.

இறுதிப்போட்டி மதுரை உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. ஆட்டத்தின்போதும் வலி அம்மாக்களிடமே இருக்கும்படி, மேல்தளத்தில் கண்ணாடி போட்ட ஓர் அறையை அன்றைக்குத் தாயார் அறையாக்கியிருந்தார்கள். ஜெயபாண்டி கீழே கேலரியில் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தான். மாயன் ரெய்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் துண்டு ஒரு முழம் உயரப் பறந்தது.

முதல் பாதியிலேயே ஒச்சம்மாளுக்கு வலி வேறு மாதிரியாக வந்தது. துணி பிழிகிற வலி இல்லை இது. சுடுகம்பியை உள்ளே வைத்து மெதுவாக இழுப்பதுபோல இருந்தது. மூன்று என்று நினைத்துக்கொண்டாள். இடைவேளையில் நஸ்ரின் இயர்போனில் கேட்டபோது மூன்று என்றே சொன்னாள். "மூணா? இது வரைக்கும் நீங்க மூணு சொன்னதே இல்லையேக்கா" என்றாள் நஸ்ரின். அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் விசில் ஊதி இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.

மாயன் இரண்டு ரெய்டு போனான். இரண்டிலும் புள்ளி. ஒச்சம்மாள் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"யக்கா, ஏசிக்குள்ள ஒக்காந்துக்கிட்டு இப்பிடி வேர்க்குதே" என்றாள் பக்கத்து நாற்காலி லூர்துமேரி. அவள் மகன் ஜெரால்டு வழக்கம்போலப் பெஞ்சில் இருந்தான். "அமுக்கிருக்கா."

"நாலுதான்."

"நாலாவது அஞ்சாவது, அமுக்குக்கா!"

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்று ஒச்சம்மாள் நினைத்தாள். அண்டா கொட்டியதே எட்டு என்றால் இது எப்படி ஐந்தாகும்? கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. கீழே பலகையில் இரண்டே புள்ளி வித்தியாசம். எத்தனையோ பேர் முன்னால் தன் மகனின் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நாளையிலிருந்து தானும் ஒரு சைரனாக அந்த அறையில் உட்காரவேண்டும் என்கிற நினைப்பும் அந்த விரலில் இருந்தது. லூர்துமேரி பொறுக்கமாட்டாமல் எட்டித் தன் கையாலேயே பொத்தானை ஓங்கிக் குத்தினாள். இரண்டு தரம், மூன்று தரம் குத்தினாள். அது அவள் விரலுக்குக் கட்டுப்படவில்லை.

மாயன் பாடிக்கொண்டு போனான். பின்காலை ஊன்றி முன்காலை நீட்டினான். எதிரணிப் பையன் ஒருவன் பாய்ந்து அந்தக் கணுக்காலைப் பிடித்தான். மாயன் காலை இழுத்துக்கொள்வதற்குப் பதிலாக இன்னும் நீட்டினான், அவனுக்குத்தான் கால் பறக்கிறதே.

ஒச்சம்மாளுக்குள் ஏதோ பிய்ந்து வந்தது. விரல் பொத்தானில் அமுங்கியதா, அவள் சரிந்ததில் விரல் பட்டதா என்று அவளுக்கே தெரியாது. தரையில் கிடந்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கீழே விசில் ஊதிவிட்டார்கள். மாயன் எழுந்து நிற்கப் பார்த்தான், விழுந்தான். மறுபடி எழப் பார்த்தான், விழுந்தான். அவன் முகத்தில் வலி இல்லை. பாயில் உட்கார்ந்துகொண்டு, சொன்ன பேச்சைக் கேட்காத காலைக் குழப்பத்தோடு பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கேலரியில் இருந்தவர்கள் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கைதட்டினார்கள். ஜெயபாண்டியின் துண்டு அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது.

எலும்பு முனை பெயர்ந்து வந்திருந்தது. திருகாணி வைத்து முடுக்கினார்கள். ஆபரேஷன் முடிந்தபிறகும் மடையைத் திருப்ப ஒச்சம்மாள் சம்மதிக்கவில்லை. "ஆறுற வரைக்கும் நானே வச்சுக்கிறேன்" என்று பிடிவாதமாக அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள்.

அங்கேதான் நஸ்ரின் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்கவேண்டும் என்று வந்தவள்கூட இல்லை. பேச்சோடு பேச்சாக, "பத்துன்னா எதக்கா நினைச்சுக்கிட்டீங்க?" என்றாள்.

ஒச்சம்மாள் சொன்னாள். காலை முன்னே நீட்டிக்கொண்டு பிறந்ததைச் சொன்னாள், அண்டாவைச் சொன்னாள், பரிமாறி முடித்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நஸ்ரினின் முகம் வெளுத்தது.

"கொதிக்கிற சாம்பார் எட்டா?"

"ஆமா தாயி. அதுக்கு மேல என்னத்த."

"நான் இத மொத நாளே கேட்டிருக்கணும்." நஸ்ரின் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஊசி பட்டா ஊளையிடற ஆளத் தேடி எடுக்கிறாங்கன்னு சொல்லிச் சிரிச்சேன்ல. அந்த ஊளைதான் அக்கா மெஷினு. மத்ததெல்லாம் வெறும் ஒயரு. நாங்க போயி ஊருக்குள்ள யாரு ஊளையிடவே மாட்டாங்களோ அவங்களாப் பாத்துக் கூட்டிட்டு வந்தோம்."

ஒச்சம்மாளுக்கு அது புரிய வெகுநேரம் ஆனது. புரிந்தபிறகு, "இனி ஆடுவானா?" என்று மட்டும் கேட்டாள்.

"நடப்பான். ஓடுவான். காலை அப்படி நீட்டறது... அதக் கேக்காதீங்கக்கா."

மறுநாள் சேவுகன் ஆப்பிள் பையோடு வந்தார். மாயனின் தலையைத் தடவிவிட்டு வராந்தாவுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, மனுஷன் நிஜமாகவே அழுதார். அழுது முடித்துவிட்டு ஒச்சம்மாளையும் ஜெயபாண்டியையும் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காத. கேக்கவே நாக்குக் கூசுது. புதுசா ஒரு பய வந்திருக்கான், நம்ம மாயன் மாதிரியே ரெய்டரு. அவனுக்கும் அதே எடத்துலதான் பிடிப்பு. தாய் இல்லாத புள்ள. கூலிக்கு ஆளு வச்சா ஒரு நாளைக்கு நூறு தடவ நிப்பாட்டுறானுக. ஒன்ன மாதிரி தாங்குறவ இந்த ஜில்லாவுல கெடையாது."

ஒச்சம்மாள் அவர் வாயையே பார்த்தாள். இந்த மனுஷனைத் திட்டுவதா, தன்னைத் திட்டிக்கொள்வதா, தாய் இல்லாத பிள்ளை என்றதும் ஒரு நொடி இளகிய தன் பாழாய்ப்போன மனதைத் திட்டுவதா? ஜெயபாண்டி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்ணே" என்றான்.

அன்று மத்தியானம் மாயன் தானாகவே கட்டிலை விட்டு இறங்கிக் குளியலறைக்கு நடந்துவிட்டான். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை அவனுக்கு. வலி இல்லாதவன் ஏன் கூப்பிடுவான்? வாசலில் ஒச்சம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதுதான் நர்சுகள் ஓடிப்போய் அவனைப் பிடித்தார்கள். டாக்டர் வந்து படம் எடுத்துப் பார்த்தார். திருகாணி அசைந்திருக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார். ஆனால் இனி ஒரு மணி நேரம்கூட இப்படி விடமுடியாது என்றும் சொன்னார். அவன் காலைக் காக்க அவன் வலி அவனிடமே இருந்தாகவேண்டும். மரத்துப்போகாத அளவுக்கு மருந்து தரலாம், அவ்வளவுதான்.

நஸ்ரின் கருவியோடு வந்தாள். "இப்ப எவ்வளவுக்கா?" என்றாள், பழக்கத்தில்.

"தெரியல தாயி" என்றாள் ஒச்சம்மாள். நம்பர் என்றாலே இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. "முன்னாடின்னா ஒண்ணுன்னு சொல்லியிருப்பேன்."

நஸ்ரின் மடையைத் திருப்பினாள். ஒச்சம்மாளின் உடம்பிலிருந்து அது சட்டென்று போயிற்று. இடுப்புக்குக் கீழே இருந்த பாரம் வடிந்து, பல மாதங்களுக்குப் பிறகு அவள் கால்கள் அவளுடைய கால்களாக மட்டும் இருந்தன. கட்டிலில் மாயன் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டு, "யம்மா, இந்தப் பய ரெய்டப் பாரேன்" என்று திரும்பினான். பாதியில் நின்றான். செல்போன் கீழே விழுந்தது.

அவன் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எடுங்க! எடுத்துருங்கக்கா! அம்மாட்டயே குடுத்துருங்க!"

"குடுத்துரு தாயி" என்று ஒச்சம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் செய்யாது, எங்கிட்டயே குடுத்துரு." நஸ்ரின் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். இத்தனை மாதம் வலியே அறியாமல் இருந்த பையனுக்கு எதுவும் பெரிதாகத்தான் தெரியும், போகப் போகச் சரியாகும் என்று ஏதேதோ சொன்னாள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். தாயின் ஒன்றுக்கும் மகனின் அலறலுக்கும் நடுவில் எங்கோ அந்த வலியின் நிஜமான அளவு இருந்திருக்கும். அதை எந்த மெஷினும் சொல்லவில்லை, இனிச் சொல்லியும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாயன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நகம் பதிந்தது. சின்னப் பிள்ளையில் இருட்டைப் பார்த்துப் பயந்தபோது பார்த்ததுபோல அவளைப் பார்த்தான்.

"இதையா?" என்றான். "இத வச்சுக்கிட்டா யம்மா நீ சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்த?"

அப்போதுதான் ஒச்சம்மாள் கத்தினாள். அவள் உடம்பில் அந்த நேரம் ஒரு வலியும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பிரசவத்துக்கும் அண்டாவுக்கும் அந்தக் கண்ணாடி அறைக்கும் சேர்த்து வராமல் இருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. ஜெயபாண்டி பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நஸ்ரின் அவளைத் தடுக்கவில்லை.

வார்டு வாசல் மேசையிலிருந்து பணியில் இருந்த நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டினாள்.

"யாரும்மா அது? பையன் கத்துறான், சரி. கூட இருக்கறவங்க நீங்க சத்தம் போடலாமா? மத்த பேஷண்டெல்லாம் இருக்காங்கல்ல."

ஒச்சம்மாள் உடனே முந்தானையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டாள். மாயன் மட்டும் கத்திக்கொண்டிருந்தான்.